ஷட்டவுன் பட்டன் எங்கப்பா போச்சு?

போன லீவில் ஒரு அலுவலகத்தில் ஒரு மாசம் ஆணி பிடுங்கப் போயிருந்தேன். (பெயர் வேண்டாமே.) முதல் நாள் சாயங்காலம் கிளம்பும்போது ஸ்டார்ட் மெனுவில் பவர் பட்டனை அமுக்கினால், இப்போதைக்கு பவர் வசதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது விண்டோஸ். அட!

பக்கத்து சீட் அக்கா சிரித்தார். "இங்க அப்படித்தான் தம்பி. டப்பால இருக்கிற பட்டனை அமுக்கிப் பிடி, தானா நின்னுடும்."

நிற்கும்தான். நாலைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸைக் கேட்காமலே கரண்ட் போய்விடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்கும். மூன்றாவது வாரம் அதுதான் நடந்தது. அக்கா முந்தின நாள் அடித்த சம்பளப் பட்டியல் காலையில் திறக்கவே இல்லை. மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் மறுபடி முதலிலிருந்து அடித்தார்.

கம்ப்யூட்டரில் கோளாறு ஒன்றும் இல்லை மக்களே. நெட்வொர்க்கில் இருக்கிற எல்லா மெஷினுக்கும் நிர்வாகி ஒரே இடத்திலிருந்து க்ரூப் பாலிசி என்று விதி போடலாம். ஷட்டவுன், ரீஸ்டார்ட், ஸ்லீப் எல்லாவற்றையும் மெனுவிலிருந்து எடுத்துவிடும் விதியும் அதில் உண்டு. கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஜிபிரிசல்ட் /ஆர்' என்று (ஆங்கிலத்தில்தான்!) அடித்தால் உங்கள் மேல் என்னென்ன பாலிசி விழுந்திருக்கிறது என்று பெயரோடு வரும். ரெஜிஸ்ட்ரியில் 'நோகுளோஸ்' என்ற இடத்தில் 1 என்று இருக்கும். அதை நோண்டலாம் என்று நினைக்காதீர்கள், சாதாரண யூசருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது.

இதில் வேடிக்கை, அந்த விதி மெனுவை மட்டும்தான் மறைக்கிறது. ஷட்டவுன் செய்யும் உரிமை தனிச் சமாச்சாரம். அது சாதாரண மேசைக் கம்ப்யூட்டரில் எல்லா யூசருக்கும் இருக்கும். அதனால் 'ஷட்டவுன் /எஸ் /டி 0' என்று அடித்தால் சமர்த்தாக அணைந்துவிடும். ஆக, விவரம் தெரிந்தவனை இந்த விதி தடுக்காது. தெரியாத அக்காவைத்தான் பட்டனை அமுக்க வைக்கும்.

சர்வரில் மறைப்பது நியாயம். ரிமோட் டெஸ்க்டாப்பில் பத்து பேர் வேலை பார்க்கும்போது ஒருத்தர் அணைத்தால் பத்து பேர் வேலையும் போச்சு. ஆனால் ஆள் எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிற பெட்டியில் மறைப்பது என்னைப் பொறுத்தவரை தப்பு. வீட்டுக்குப் போகிறவர் எப்படியாவது அணைத்துவிட்டுத்தான் போவார்.

மனசு கேட்காமல் நிர்வாகி அண்ணனிடம் போனேன்.

"நைட்ல அப்டேட் ஓடணும்ப்பா. மெஷின் ஆன்ல இருக்கணும்ல, அதான் எடுத்துட்டோம்."

"ஆனா வாட்ச்மேன் தாத்தா தினம் ஏழு மணிக்கு மெயினையே ஆஃப் பண்ணிடறாரே அண்ணே?"

"மெயினையா? யாரு சொன்னா?"

அவர் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், பாவம், பார்த்ததே இல்லை. தாத்தாவுக்கோ அப்டேட் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே விதியை எடுத்துவிட்டு, அப்டேட்டை மதிய சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினார். மறுநாள் லாகின் செய்தால் ஷட்டவுன் பட்டன் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அக்காவிடம் காட்டினேன். "அட, வந்துடுச்சா!" என்றார். சாயங்காலம் பார்த்தால், பழக்க தோஷம், கை நேரே டப்பாவுக்குத்தான் போனது :-)