ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘ஹை’, ‘லோ’.. சர்க்கரையை மட்டும் பார்த்தால் போதுமா?

2025 ஆகஸ்ட் 2-ல் ‘நலம் காக்கும் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கிய பிறகு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பலர் கைக்கும் வந்திருக்கிறது. அதில் தடித்த எழுத்தில் ‘ஹை’ என்றிருந்தால் உடனே நோய் என்று அர்த்தமில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐ தொட்டாலும், அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்துத்தான் நீரிழிவை உறுதி செய்வார்கள். டீ குடித்துவிட்டு ரத்தம் கொடுத்திருந்தால் அந்த எண்ணே செல்லாது.

ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி பஸ்ஸில் போளூர் வருபவர்கள் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது லேசில்லை. அவர்களுக்கு மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட் வசதி. சாப்பிட்டுவிட்டே கொடுக்கலாம். ஆனால் இங்கேதான் சிக்கல். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால், இந்த டெஸ்ட் சர்க்கரையைக் கூட்டிக் காட்டலாம். பலரும் கண்டுக்காம விடும் ஹீமோகுளோபினை அதனால்தான் சேர்த்துப் பார்க்கணும். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11 (நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5).. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

என்ன செய்யலாம்? இரண்டு எண்களையும் டாக்டரிடம் காட்டி, வெறும் வயிற்று டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தாலோ, சர்க்கரை 300-ஐ தாண்டி வாந்தி, மூச்சுவாங்கல் இருந்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே போளூர் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.