வீட்டுத் தோட்டம்: மழைக்கு முன் ஒரு போத்து

பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கலந்த இலைகளாற் கண்ணைக் கவரும் கோலியஸ் செடியை நேயர்கள் நன்கறிவர். பூவினும் இலையே அதற்கு அழகு.

குளிர் நாடுகளில் இச்செடிக்குப் பகை உறைபனி. சாவகம் முதலிய வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட கோலியஸ், ஓரிரவுப் பனியிலேயே கருகிவிடும். ஆதலால் கனடாவில் வாழ்வோர், குளிர் தொடங்குமுன் நுனிக்கிளைகளை நறுக்கி வேர்விடச் செய்து, வீட்டினுள்ளே சாளரத்தருகில் வைத்துக் காப்பர். பனி நீங்கியபின் மீண்டும் நிலத்தில் நடுவர்.

சப்பிரகமுவ தோட்டங்களில் உறைபனி இல்லை. இங்கே பகை மழை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்யுங்கால், நீர் வடியாத மண்ணில் வேர் அழுகும். சாறு நிறைந்த தண்டு அடியிற் கறுத்துச் சாயும்.

விதையிட்டு மீட்கலாகாதோ எனின், விதையிற் பிறந்த செடி தாயின் நிறத்தை அவ்வாறே பெறுதல் அரிது. தாய்ச்செடி அழியின் அந்நிறமும் அழியும். போத்தோ தாயின் உடற்பகுதியே. ஆதலின் பெரும்பாலும் நிறம் மாறாது.

இக்கலை தோட்ட மக்களுக்குப் புதிதன்று. ஓரிலையும் ஒரு கணுவுங் கொண்ட தேயிலைத் துண்டைத் தவறணையில் ஊன்றிக் கன்றாக்கும் கைகள் அவர்களுடையவை. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அளித்த டி.ஆர்.ஐ. 2025 எனும் இனத்துக் கன்றுகள் யாவும் ஒரு தாய்ச்செடியின் வழிவந்தவையே.

செய்முறை இது: ஏப்ரல் மாதத்திலேயே, பூக்கதிர் தோன்றாத நுனிக்கிளையை 4 அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. கீழிலைகளை நீக்குக. மணலும் மக்கிய உரமும் கலந்து, அடியில் துளையிட்ட தகர டின்னில் ஊன்றுக. சாரலும் கடுவெயிலும் படாத, வெளிச்சமுள்ள தாழ்வாரத்தில் வைக்குக. மண் ஈரமாயிருத்தல் வேண்டும், சேறாதல் கூடாது. இரண்டு மூன்று வாரங்களில் வேர் பற்றும்.

போத்தல் நீரில் வேர்விடச் செய்தல் இன்னும் எளிது. ஆயினும் டெங்கு நுளம்பு அந்நீரை நாடும். முட்டை பொரித்து ஏறக்குறைய பத்து நாட்களில் நுளம்பாகிப் பறக்கும். இரு நாளுக்கொருமுறை நீரை மாற்றி, முட்டை ஒட்டும் உட்சுவரையும் தேய்த்துக் கழுவுக. இயலாதெனின் மணலே நன்று.

மாணவர்களே, கற்பூரவள்ளியும், சிங்களத்தில் இன்னல எனப்படும் சிறுகிழங்கும் கோலியஸின் உறவினங்களே. அவற்றையும் இவ்வாறே தண்டு நட்டு வளர்க்கலாம். முயன்று பாருங்கள்.

இறுதியாக ஒன்று. வேர்பிடித்த கன்றுகளுள் ஒன்றை அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள். உங்கள் செடி மழையில் மடியின், அவர்கள் வாசலிலிருந்து அதே நிறத்தை மீண்டும் பெறலாம்.