எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

பள்ளிக்கூட நினைவுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரம்படியைப் பற்றி எழுதுகிறார்கள். மணியோசை, மரத்தடி வகுப்பு, வாசலில் விற்ற நாவற்பழம், கண்டிப்பான கணக்கு வாத்தியார் என்று அந்நினைவுகளுக்கு ஒரு மரபே உருவாகிவிட்டது. அடியின் வலி காலப்போக்கில் மறந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியதாகவும் ஆகிவிடுகிறது. சிரித்துக்கொண்டு சொல்ல முடியாத வேறு சில நினைவுகள் உண்டு. அவை மிகச் சிறியவை. ஒரு நிமிடத்துக்கு மேல் நீடிக்காதவை. ‘இன்னின்னார் எழுந்து நில்லுங்கள்’ என்பதில் தொடங்கி ‘உட்காருங்கள்’ என்பதில் முடிந்துபோனவை.

ஆலங்குடி என்றதும் குருபகவான் கோயிலா என்று கேட்பார்கள். அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி. நான் சொல்வது புதுக்கோட்டைக்குக் கிழக்கே, வடகாடு, கீரமங்கலம் போகும் வழியில் இருக்கும் ஆலங்குடி. பலாவும் வாழையும் பூவும் விளைகிற பூமி. எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இந்த வட்டாரத்துப் பள்ளியொன்றில் நாங்கள் படித்தபோது, எழுந்து நிற்க வேண்டிய சந்தர்ப்பங்கள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்தன. உதவித்தொகைப் படிவம் வந்தால் அதற்குரிய சாதிப் பிள்ளைகள் நிற்க வேண்டும். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் நிற்க வேண்டும். சீருடை இல்லாதவர்கள் நிற்க வேண்டும். தந்தையின் தொழிலைப் பதிவு செய்யும் நாளில் வரிசைப்படி எல்லோரும் நிற்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் ‘விவசாயம்’ என்றுதான் சொன்னார்கள். ‘சொந்த நிலமா, கூலியா?’ என்று மறுகேள்வி வரும்போது அந்த ஒற்றைச் சொல் இரண்டாகப் பிளந்துவிடும்.

இவற்றிலெல்லாம் நுட்பமானது ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பமிடும் கட்டம். அதில் பெருவிரல் ரேகையோடு வந்த அட்டைகளைப் பிள்ளைகள் மடித்தே நீட்டுவார்கள். பேனா மையைத் தாயின் விரலில் தடவி ஒற்றியெடுத்த ரேகை அது. மேசையில் விரித்து வைத்தால் முன்வரிசைக்குத் தெரிந்துவிடும். முன்வரிசைக்குத் தெரிந்தால் இடைவேளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே சிலர் தந்தையின் பெயரைத் தாங்களே எழுதிக் கையொப்பமாக்கிக் கொண்டுவந்தார்கள். பொய்க் கையெழுத்துக்கு அடி விழும். கைநாட்டுக்கு அடி விழாது, சிரிப்புத்தான் எழும். அவர்கள் அடியைத் தேர்ந்துகொண்டார்கள். பத்து வயதுப் பிள்ளையின் இந்தக் கணக்கு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கைநாட்டின் வெட்கத்தை இந்த மாவட்டம் ஓர் இயக்கமாகவே எதிர்கொண்டது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியது. விளக்கொளியில் மாலை வகுப்புகள் நடந்தன. பாட்டும் வீதி நாடகமும் ஊர் ஊராகச் சென்றன. கல்லுடைக்கும் பெண்களும் கூலிப் பெண்களும் கையெழுத்துப் போடக் கற்றார்கள். கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்றவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை உலகெங்கும் வாசிக்கப்பட்டது. தெருவில் எல்லோரும் பார்த்துச் சிரிக்கத்தான் அந்தப் பெண்கள் விழுந்து எழுந்து பழகினார்கள். ஆனால் ஒருத்தி தனியாக விழவில்லை, ஊரே சேர்ந்து விழுந்து எழுந்தது. பலர் பார்வையில் நிற்கும் கூச்சம் எப்படிக் கரைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நாங்கள் தமிழ் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: அவையச்சம். திருக்குறளில் அவையறிதலை அடுத்து அவையஞ்சாமை என்று தனி அதிகாரமே உண்டு. துணிவற்றவனுக்கு வாளால் என்ன பயன், அவையைக் கண்டு நடுங்குபவனுக்கு நூலறிவால் என்ன பயன் என்பது அதன் சாரம். மறுக்க முடியாத கருத்து. ஆனால் வள்ளுவர் அதை வைத்திருப்பது பொருட்பாலில், அமைச்சரைப் பற்றிப் பேசும் பகுதியில். அமைச்சனாகத் தேர்ந்தவனிடம் எதிர்பார்க்க வேண்டிய பண்பை, முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பதினேழு வயதுப் பெண்ணிடம் எதிர்பார்க்கிறோம். அவள் வாய் திறக்காவிட்டால் ‘கிராமத்துப் பிள்ளை, கூச்ச சுபாவம்’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

கூச்சம் சுபாவம் அல்ல, அது கற்பிக்கப்பட்ட பாடம் என்பதே என் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகளாக ‘எழுந்து நில்’ என்ற சொல்லைத் தொடர்ந்து, இல்லாமை ஏதோ ஒன்று எல்லோர் முன்னாலும் வாசிக்கப்பட்டதை அவள் கண்டிருக்கிறாள். ஆகவே கருத்தரங்கில் கேள்வி கேட்க எழுந்திருக்கும்போதும் முழங்கால் அதையே நினைத்துக்கொள்கிறது. பேச்சுப் போட்டியும் ஆளுமை மேம்பாட்டுப் பயிலரங்கும் நடத்தி இதைப் போக்கிவிடலாம் என்று நம்புகிறோம். ஒரு கையால் அச்சத்தை விதைத்துக்கொண்டே மறுகையால் களையெடுப்பது போன்றது இது.

இன்றும் விதைக்கிறோமா என்று கேட்கலாம். 2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருபவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற அருமையான திட்டங்கள். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அந்தப் பணம் எவ்வளவு உதவுகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறேன். ஆனால் பட்டியல் எடுக்க வேண்டிய நாளில், ‘அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்று வகுப்பில் கேட்பதுதான் பலருக்கும் எளிதாகத் தோன்றுகிறது. உரிமையாக வர வேண்டிய தொகை அந்த ஒரு வாக்கியத்தால் சலுகையாக மாறிவிடுகிறது. பள்ளியில் எமிஸ், கல்லூரியில் யூமிஸ் என்று மாணவர் விவரங்கள் அனைத்தும் கணினியில் ஏறிவிட்ட காலத்தில், வாய்விட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இது நுண்ணுணர்வாளர்களின் மிகைக் கவலை அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் தம் அறையில் தனியே சொல்ல வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் அடங்கும். அரிவாளைப் பற்றி ஆராயப் போன ஒரு குழு, வகுப்பறையில் பெயர் வாசிப்பதைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். யார் யார் என்ன சாதி என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளும் இடங்களில் வகுப்பறையும் ஒன்று.

‘நாங்களும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்தோம்? கொஞ்சம் அவமானப்பட்டால்தான் வைராக்கியம் வரும்’ என்பார்கள். முன்னாள் மாணவர் சந்திப்புகளில் இந்தக் குரலை அதிகம் கேட்கலாம். தாண்டி வந்தவர்கள் மட்டுமே அந்தச் சந்திப்புக்கு வருகிறார்கள் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனவனுக்கு அழைப்பே போவதில்லை. வைராக்கியம் வந்த நால்வரைக் காட்டி, வராமல் போன நாற்பது பேரை மறந்துவிடுகிறோம்.

வழக்கத்தை மாற்றுவது கடினமும் அல்ல. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும்போது மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவித்து வந்த பழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. அதற்குமுன் அதில்லாமல் தேர்வு முடிவையே கற்பனை செய்ய முடியாது என்றுதான் நினைத்தோம். இன்று அதைத் தேடுபவர்கள் குறைவு.

வகுப்பறைக்குள் செய்ய வேண்டியவற்றுக்கு அரசாணைகூடத் தேவையில்லை. விவரம் வேண்டுமானால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கலாம். விடைத்தாளை மதிப்பெண் தெரியாமல் மடித்துக் கொடுக்கலாம். கட்டண பாக்கியைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடாமல், உரியவருக்கு மட்டும் சொல்லலாம். முதல்நாள் அறிமுகத்தில் தந்தையின் தொழிலை விட்டுவிட்டு, படித்ததில் பிடித்த கதை எதுவென்று கேட்கலாம். கதையே படித்ததில்லை என்று ஒரு மாணவன் சொன்னால் அதுவும் நல்ல தொடக்கமே. அதைச் சரிசெய்ய ஆசிரியரால் முடியும். தந்தையின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.