தோல் உள்ளே, ஆள் வெளியே

எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் கலை விழா. ஊர்ப் பெயர் வேண்டாம், கல்லூரிப் பெயரும் வேண்டாம். இரண்டு கல்லூரி, ஒரு பேருந்து நிலையம், நாலு ஜெராக்ஸ் கடை இருக்கிற எந்த ஊரையும் வைத்துக்கொள்ளலாம். வழுவழுத் தாளில் எட்டுப் பக்க அழைப்பிதழ். குத்துவிளக்கு ஏற்றுபவர், வரவேற்புரை, வாழ்த்துரை, பரதம் ஆடுகிறவர்கள், அவர்களுடைய குரு, பாட்டு, மிருதங்கம், வயலின் என்று எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலின் முதல் வரி மட்டும் இப்படி: 'காலை 9.30 - பறை முழங்க விருந்தினர் வரவேற்பு.' முழக்குவது யார்? பெயர் இல்லை. பறை தானாகவே முழங்கும் போலிருக்கிறது.

அடித்தவர் எங்கள் காலனிப் பெரியப்பா. கூட மூன்று பேர். எட்டு மணிக்கே வரச்சொல்லி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சப் போனால், தரை கருப்பாகும் என்று காவலாளி விரட்டியிருக்கிறார். ரோட்டோரம் போய்க் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள். சிறப்பு விருந்தினர் கார் பதினொரு மணிக்குத்தான் வந்தது. கேட்டிலிருந்து கலையரங்கப் படி வரைக்கும் அடித்துக்கொண்டே போனார்கள். படியில் நின்ற ஒருவர் கையைக் காட்டினார், போதும் என்று. உள்ளே இறைவணக்கம் தொடங்கியது. வெளியே நின்ற நாலு பேருக்கும் மத்தியானம் சோற்றுப் பொட்டலம்.

மறுநாள் பெரியப்பா என் கவுண்டருக்குப் பணம் கட்ட வந்தார். வங்கி ஊழியன் வாடிக்கையாளர் கணக்கை வெளியே பேசக் கூடாது. இது அவரே சொன்னது, எழுதச் சொன்னதும் அவர்தான். நாலு பேருக்கும் சேர்த்து மூவாயிரம் ரூபாய். கையெழுத்துப் போட்ட வவுச்சரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"எனக்கெங்க தம்பி படிக்கத் தெரியுது. விழாக் குழுவுல இருந்த நம்ம பையன்தான் படிச்சிச் சொன்னான். பந்தல், மாலை, இதர செலவுன்னு போட்டிருக்காம்."

நாட்டியக் குழுவுக்குக் காசோலை. பெரியப்பா மாலையோடு மாலையாக இதர செலவு.

நிலம், கூலி, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் கிடக்கும்போது, அழைப்பிதழில் பேர் போடவில்லை என்று ஒரு கட்டுரையா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. ஒன்பது நூற்றாண்டாகத் தீராமல் நிற்கிற பாக்கி இது. அந்தப் பழைய கணக்கைப் பார்க்கச் சிதம்பரம் வரைக்கும் போய்வர வேண்டும்.

சிதம்பரமும் கல்லூரி ஊர்தான். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்த பிறகு கோயில் ஊர் கல்லூரி ஊருமாயிற்று. கோபுர வாசல்களில் 108 கரணச் சிற்பங்கள். 1981இலிருந்து மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. இசைக்கும் ஆட்டத்துக்கும் இவ்வளவு பேர்போன ஊரில், பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக உருகி உருகிப் பாடுவது யார் கதையை? நந்தன் கதையை. நம்ம ஆள் கதையை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் நந்தனுடைய தொண்டு என்னவென்று விவரமாகச் சொல்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பது, வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பது, பூசைக்குக் கோரோசனை கொடுப்பது. இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் தோழர்களே. தோல் உள்ளே போகிறது. நரம்பு உள்ளே போகிறது. மாட்டின் பித்தப்பையில் விளைந்த கோரோசனை சாமி பக்கத்திலேயே போகிறது. எதற்கும் தீட்டு இல்லை. கொண்டுவந்த ஆளுக்கு மட்டும் தீட்டு. திருப்புன்கூரில் சிவன் நந்தியை விலகச் சொல்லிக் காட்சி கொடுத்தாராம். நந்தியை நகர்த்தியவர் நந்தனை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. தில்லையில் உள்ளே போக அவன் தீயில் இறங்க வேண்டியிருந்தது. தீயிலிருந்து எழுந்து வந்தவன் மார்பில் பூணூல். ஆதனூர்ச் சேரி நந்தன், நந்தனாகவே கடைசி வரைக்கும் உள்ளே போகவில்லை.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையைக் கீர்த்தனைகளாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் பண்ணையார் ஒருவர் இதில் வந்து சேர்ந்தார். பண்ணையாள் நந்தன் அவரிடம் கைகட்டி உத்தரவு கேட்டு நிற்கிறான். 1942இல் ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாக நடித்துப் பாடினார். பிறகு அவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறைத் தலைவராக இருந்தார். ஆக, நந்தன் பாட்டு கச்சேரிக்குப் போயிற்று, சினிமாவுக்குப் போயிற்று. நந்தனுடைய சேரிப் பிள்ளைகள் அதே சிதம்பரத்தில் படிப்பதற்கு 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் தனியாகக் கல்விக் கழகம் தொடங்க வேண்டியிருந்தது. நந்தன் பண்ணையாளே இல்லை, பௌத்த அரசன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதினார். அதை எந்தக் கச்சேரியில் பாடினார்கள்?

பழங்கதை என்று தள்ள முடியாது. மிருதங்கத்துக்கு மாட்டுத் தோல், எருமைத் தோல், ஆட்டுத் தோல் மூன்றும் வேண்டும். அதைச் செய்கிற குடும்பங்களில் பெரும்பாலோர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய புத்தகத்தை 2020இல் வெளியிடுவதற்கு அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா, கடைசி நேரத்தில் கையை விரித்தது. தோல் மேடையில் இருக்கலாம். தோல் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு மேடைக்கு ஆகாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பறையை என்ன செய்வது என்பதில் நமக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு.

முதல் பதில், விட்டெறி. 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டைத் தூக்குவதை விடச் சொன்னார். தென்னார்க்காட்டில், அதே சிதம்பரம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், எல். இளையபெருமாள் சாதி இந்துக்களின் சாவுக்குப் பறையடிக்காதே என்று இயக்கம் நடத்தினார். தீண்டாமை குறித்து 1969இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் அவர்தான். மேளத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடி வாங்கியவர்கள் நம் தாத்தாக்கள். அவர்களுக்குக் கலை ரசனை இல்லை என்று இன்றைக்கு யாராவது சொன்னால் வாயைக் கிழிக்க வேண்டும்.

இரண்டாவது பதில், கையில் எடு. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் எழுந்த தலித் கலை விழாக்கள் பறையைச் சாவு வீட்டிலிருந்து மேடைக்குத் தூக்கி வந்தன. கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் சேரிப் பாட்டைப் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோனார்கள். இழிவு என்று சொன்னதையே கொடியாக உயர்த்தினோம். அதுவும் சரிதான்.

இரண்டும் எப்படிச் சரியாகும்? அடிக்கிறவனால் 'முடியாது' என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. சொல்ல முடிகிற இடத்தில் அடித்தால் அது கலை. சொல்ல முடியாத இடத்தில் எவ்வளவு அழகாக அடித்தாலும் அது ஊழியம். இந்த அளவுகோலைக் கல்லூரி கேட்டில் வைத்துப் பாருங்கள். எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு கூலி என்று ஒன்றையும் பெரியப்பா தீர்மானிக்கவில்லை. சாவு வீட்டில் பிணம் போகிற வரைக்கும் அடி, இங்கே கார் வருகிற வரைக்கும் அடி. பிணத்துக்குப் பதில் சிறப்பு விருந்தினர், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சதிருக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதுதான், 1947இல் சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் ஆடிய பெண்களை அவமானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டத்தை மட்டும் கழுவிப் பொட்டு வைத்துப் பரதநாட்டியம் என்று மேல்சாதி வீட்டுக் கூடத்தில் ஆடவைத்தார்கள். கலை அவர்களுக்கு, கறை இவர்களுக்கு. பறைக்கும் அந்த வாசனை அடிக்க ஆரம்பித்துவிட்டது. 'ஆதித் தமிழன் இசை' என்கிறார்கள். தொல்காப்பியம் கருப்பொருளில் பறையைச் சொல்லியிருக்கிறது என்கிறார்கள். இருக்கிறது, யார் இல்லை என்றது? தொல்காப்பியம் வரைக்கும் பின்னால் போகத் தெரிந்தவர்களுக்கு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற காலனிக்கு வழி தெரியவில்லை.

நம் மாணவர்களிடமும் ஒரு வார்த்தை. இரண்டு நாள் பட்டறையில் நாலு அடி கற்றுக்கொண்டு, கருப்புச் சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. எந்தச் சாதிப் பிள்ளையும் கற்றுக்கொள்ளட்டும், பெண்கள் கட்டாயம் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் அந்த நாலு அடியைச் சாவுக்கும் சாமிக்கும் அடித்து அடித்துக் காப்பாற்றி வைத்திருந்த கிழவர், நீங்கள் மேடையில் ஆடும்போது எங்கே நின்றார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்களா?

கேட்கிற நான் மட்டும் யோக்கியனா? அந்த அழைப்பிதழின் ஆறாம் பக்கத்தில் என் பெயர் இருந்தது. மூன்று மணிக் கவியரங்கம். நான் வாசித்தது பறை பற்றிய கவிதை. கைதட்டல், சால்வை, கவரில் ஐந்நூறு ரூபாய். முதல் பக்கத்து முதல் வரியில் ஆள் இல்லாததை, என் பெயரைத் தேடிப் பக்கம் புரட்டியபோது நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் பெரியப்பா கவுண்டரில் வந்து நின்றபோதுதான் உறைத்தது. அவர் என் மேல் குறை சொல்லவில்லை. "ஒம் பேரு மைக்ல கேட்டுச்சிப்பா, சந்தோசமா இருந்திச்சி" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

ஆகவே, கல்லூரி ஊர்களில் இருக்கிற தோழர்கள் சிலவற்றில் கறாராக நிற்க வேண்டும்.

ஒன்று, அழைப்பிதழில் பெயர். 'பறையிசைக் குழு' என்று மொட்டையாகப் போட்டால் போதாது. மிருதங்கக்காரருக்குப் போடுவதுபோல ஆளுக்கு ஆள் போட வேண்டும்.

இரண்டு, கேட்டில் நின்று காருக்கு அடிப்பதில்லை. நிகழ்ச்சி நிரலில் நேரம், மேடை, உட்கார நாற்காலி. மாணவர்கள் வரவேற்க ஆசைப்பட்டால் விருந்தினர் கையில் பூச்செண்டு கொடுக்கட்டும்.

மூன்று, கூலியை முன்னாலேயே பேசி, கலைஞர் ஊதியம் என்று எழுதி, அவரவர் கணக்கில் போட வேண்டும். இதர செலவு வவுச்சரில் கைநாட்டு வாங்குவது இனிமேல் நடக்கக் கூடாது.

நான்கு, பட்டறை நடந்தால் ஆசான் அவரே. பட்டம் கேட்காதீர்கள். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், சந்தோஷம். தில்லி வாய்விட்டுச் சொன்ன 'ஆசான்' என்ற சொல் நம்மூர்க் கல்லூரி வாயிலும் வரட்டும்.

ஐந்து, இதுதான் முக்கியம். சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று ஒரு ஊரில் ஒருவன் சொன்னால், மேடையில் பறையடிக்கிற மாணவர்கள் அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அந்த ஊருக்குப் போகத் துணிவில்லாதவன் மேடையில் பறையைத் தொட வேண்டாம்.

போன வாரம் பெரியப்பாவிடம், மேடை கொடுத்தால் எவ்வளவு நேரம் அடிப்பீர்கள் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் தாராளமா அடிக்கலாம் தம்பி. சாமிக்கு ஒரு அடி, கல்யாணத்துக்கு ஒரு அடி, ஆட்டத்துக்குன்னு தனியா இருக்கு. சாவு அடிய மட்டுந்தான் ஊரு கேட்டிருக்கு. மத்ததெல்லாம் எவன் கேட்டான்?"

நாலு பேர் பெயரையும் கேட்டு ஒரு தாளில் எழுதி, விழாக் குழுவில் இருக்கிற நம் மாணவத் தோழரிடம் கொடுத்திருக்கிறேன். பெரியப்பா சொன்னபடி அந்தப் பெயர்களை இங்கே அச்சிடவில்லை, அச்சாக வேண்டிய இடம் அழைப்பிதழ். அடுத்த வருஷமும் முதல் வரி ஆள் இல்லாமல் வருமானால், ஆறாம் பக்கத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.