21,000-ஐத் தாண்டினா எந்த ஆஸ்பத்திரி?

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லாரும் சி.டி.சி.யைத்தான் பார்க்கிறோம். கொஞ்சம் கீழே இ.எஸ்.ஐ.ன்னு இருக்கா, குரூப் இன்சூரன்ஸ்னு இருக்கான்னும் பாருங்க. நமக்கு உடம்பு சரியில்லைன்னா எந்த நாட்டு முறையில வைத்தியம் நடக்கும் என்பது அந்த ஒரு வரியில இருக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்ல மாசம் 20,000 ரூபாய் சம்பளம்னு வைங்க. உங்ககிட்ட 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் பிடிப்பாங்க. கம்பெனி 3.25 சதவீதம், 650 ரூபாய் கட்டும். இந்த 800 ரூபாயில உங்களுக்கும், வருமானம் இல்லாத அம்மா அப்பாவுக்கும் டிஸ்பென்சரி மாத்திரை முதல் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரை சிகிச்சை உண்டு. நோயால வேலைக்குப் போக முடியலைன்னா, விதிப்படி சந்தா கட்டியிருந்தா, வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளமும் வரும். எந்த குரூப் பாலிசி இதைத் தருது?

தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து சந்தா கட்டும் இந்த யோசனை 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்தது. நம்ம இ.எஸ்.ஐ. சட்டம் 1948. அதே வருஷம் ஜூலையில பிரிட்டன் வேற வழியில போச்சு: வரிப்பணத்தில் எல்லாருக்கும் வைத்தியம். நம்ம ஆரம்ப சுகாதார நிலையமும் கீழ்ப்பாக்கம் ஜி.ஹெச்.சும் அந்த ஜாதி.

சம்பளம் 21,000-ஐத் தாண்டினா (2017-க்கு முன்னாடி 15,000) நீங்க அமெரிக்காவுக்குக் குடிபோயிட்டீங்க. கம்பெனி பாலிசி வாங்கித் தரும். அதுல ஒரு தொகைக்கு மேல கைக்காசு. அம்மா அப்பாவைச் சேர்க்கப் பல இடங்கள்ல தனி பிரீமியம். வேலை போனா பாலிசியும் போச்சு. ஆனா நாம இதை ஏதோ பிரமோஷன் மாதிரி நினைக்கிறோம்!

என் கருத்து, அந்தக் கோடே தப்பு. மெயில் போட்டுக் கேள்வி கேட்கத் தெரிஞ்சவன், ஆர்.டி.ஐ. போடத் தெரிஞ்சவன் எல்லாம் 21,000-ல வெளியே போயிடறான். அரை நாள் லீவு போட்டா சம்பளம் வெட்டு விழும்னு பயப்படறவங்கதான் டிஸ்பென்சரி க்யூவில மிஞ்சறாங்க. அவங்க யார்கிட்ட போய் சண்டை போடுவாங்க? ஜெர்மனியிலும் அதிகச் சம்பளக்காரர்கள் தனியாருக்குப் போகலாம்தான். ஆனா அங்கே பத்துல ஒன்பது பேர் பொது நிதியிலதான் இருக்காங்க. அதனால அதை அலட்சியமா நடத்த முடியாது.

"ஏற்கனவே கூட்டம் தாங்கலை, நாமளும் போய் நிக்கணுமா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா ஆளோட பணமும் வருதே. 40,000 சம்பளக்காரருக்கு அதே 4 சதவீதம் போட்டா மாசம் 1,600 ரூபாய். சம்பளம் இரண்டு மடங்கு ஆனதால யாருக்கும் காய்ச்சல் இரண்டு மடங்கு வராது. அந்தக் கூடுதல் பணத்துல இன்னொரு டாக்டரைப் போடலாம், மாலை நேர ஓ.பி.யும் திறக்கலாம். எல்லாரையும் கட்டாயப்படுத்தக்கூட வேண்டாம். 21,000-ஐத் தாண்டின பிறகும் இருக்க விரும்புறவங்க சந்தா கட்டித் தொடரலாம்னு முதல்ல ஒரு கதவைத் திறந்து வைக்கட்டும்.