வெயிலுக்கு ஆகாத மாத்திரை

இதயத் துடிப்பு தாளம் தப்பும்போது டாக்டர்கள் எழுதித் தரும் மருந்துகளில் வலுவானது அமியோடரோன். 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவான மருந்து இது. தாறுமாறான துடிப்பை அடக்கும் திறமை பிறகுதான் தெரியவந்தது. அமெரிக்காவில் அதற்கான அனுமதி 1985ல் கிடைத்தது.

இந்த மருந்துக்கும் வெயிலுக்கும் ஆகாது. ரத்தத்தோடு நிற்காமல் தோலிலும் போய்த் தங்குகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டால் சிலருக்குச் சிறிது நேரத்திலேயே எரிச்சல், சிவப்பு, தடிப்பு. நீண்ட காலம் சாப்பிடுபவர்களில் சிலருக்கு மூக்கு, கன்னம், காது, புறங்கை எல்லாம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் தப்ப முடியாது. இந்தக் கதிர்களில் ஒரு வகை கண்ணாடியைத் தாண்டி வரும்.

நம்மவர்கள் இதை மருந்தோடு முடிச்சுப் போடுவது அபூர்வம். 'வெயிலில் அலைந்து கறுத்துவிட்டார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மருந்தைப் பற்றிய குறிப்புத் தாளில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. கடைக்காரர் அட்டையிலிருந்து பத்து மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுக்கும்போது அந்தத் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது.

விஷயம் தெரிந்த சிலர் செய்வது இன்னும் ஆபத்தானது. முகத்துக்குப் பயந்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். இதனால் தோலுக்கு உடனடி லாபம் எதுவும் இல்லை. உடலில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும். நிறம் மங்க மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் பிடிக்கும். முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆனால் அடங்கியிருந்த தாளக்கேடு திரும்பினால் உயிருக்கே உலை வைக்கும்.

முழுக்கைச் சட்டை, குடை, அகலமான தொப்பி, துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்பு ஆகியவை உதவும். தோலில் மாற்றம் தெரிந்தால் மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்யட்டும். தைராய்டு, ஈரல், நுரையீரல், கண் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் என்பதால் தைராய்டைக் கவனிப்பது முக்கியம்.

டாக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் நிறுத்தாதீர்கள்' என்று நோயாளியின் மொழியில் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரண்டு வரிதான்.