லென்ஸைத் திட்டாதீங்க, ஸ்டாண்டைப் பாருங்க!

டிஸ்கி: இதை எழுதுவது ஒரு பி.காம். மாணவன். பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கு டாட்டா சொன்னவன். அதனால் சூத்திரங்கள் அதிகம் வராது. கணக்குப்பதிவியல் வாசனை கொஞ்சம் அடிக்கும். பொறுத்தருள்க :-)

இரவு வானத்தைப் படம் பிடிக்கும் ஆசை இப்போது நிறைய பேருக்கு வந்துவிட்டது. 2020 ஜூலையில் நியோவைஸ் வால்மீன் வந்தபோதும், 2024 அக்டோபரில் இன்னொரு வால்மீன் மேற்கு வானத்தில் தெரிந்தபோதும் வாட்ஸப் முழுக்க அந்தப் படங்கள்தான். பார்த்தவுடன் நாமும் எடுக்கலாமே என்று தோன்றும். காசு சேர்த்து ஒரு டெலஸ்கோப், ஒரு கேமரா வாங்குவோம். முதல் நாள் எடுத்தால் நட்சத்திரம் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும். உடனே வரும் தீர்ப்பு: "லென்ஸ் சரியில்லை."

என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்படித்தான் தீர்ப்பு சொல்லி வேறு லென்ஸ் வாங்கினான். கொழுக்கட்டை அப்படியே இருந்தது. இப்போது இரண்டுமே பரணில் இருக்கின்றன. "இதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குத்தான்டா, நமக்கு ஒத்துவராது" என்கிறான். எனக்கு வருத்தம் போன காசைப் பற்றி மட்டுமில்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான்.

என் கட்சி இதுதான். வானப் படத்தில் கண்ணாடியைவிட அதைத் தாங்கும் ஸ்டாண்டுதான் முக்கியம். தவறு எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. அப்புறம், நாம் படிக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் நம் ஊர் வானத்துக்கு எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டிரயல் பேலன்ஸ் டேலி ஆகலையா?

டிரயல் பேலன்ஸில் வித்தியாசம் வந்தால் லெட்ஜர் முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டா எழுதுகிறோம்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு, தவறை ஒவ்வொன்றாகத் தேடுகிறோம். வானப் படத்துக்கும் அதே முறைதான்.

படம் கெடுவதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஃபோகஸ் விழவில்லை. இன்னொன்று, படம் எடுக்கும் நேரத்தில் ஏதோ நகர்ந்திருக்கிறது. இரண்டையும் பிரிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரே நட்சத்திரத்தை 2 விநாடியில் ஒரு படம், 60 விநாடியில் ஒரு படம் எடுங்கள். 2 விநாடிப் படத்திலேயே நட்சத்திரம் வீங்கியோ நடுவில் ஓட்டையோடு வடை மாதிரியோ இருந்தால் அது ஃபோகஸ். 2 விநாடியில் புள்ளி, 60 விநாடியில் கோடு என்றால் ஃபோகஸ் நிரபராதி, குற்றவாளி மவுன்ட்.

கோட்டின் வடிவமும் சாட்சி சொல்லும். எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் ஒரே அளவு இழுபட்டிருந்தால் மவுன்ட் வானத்தைச் சரியாகப் பின்தொடரவில்லை. ஒரு மையத்தைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால் மவுன்டின் அச்சு துருவத்தைப் பார்க்கவில்லை. நடுவில் நன்றாக இருந்து மூலைகளில் மட்டும் இழுபட்டிருந்தால்தான் லென்ஸை விசாரணைக்குக் கூப்பிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காம்பன்சேட்டிங் எரர் படித்திருப்பீர்கள். ஒரு தவறு இன்னொரு தவறை மறைத்துவிடும், டிரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகிவிடும். ஃபோகஸ் சற்று விலகியிருந்தால் நட்சத்திரம் வீங்கி உருண்டையாகத் தெரியும். அந்த வீக்கத்துக்குள் சின்னக் கோடு மறைந்துவிடும். "மவுன்ட் சூப்பர்" என்று நினைப்போம். மறுநாள் ஃபோகஸைச் சரி செய்ததும் கோடு வெளியே வரும். நேற்றைவிட இன்று மோசம் என்று ஃபோகஸை மறுபடி மாற்றுவோம். அதனால் வரிசை முக்கியம். எப்போதும் ஃபோகஸ் முதலில், மவுன்ட் அடுத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

மூல ஓலையைக் காட்டு

எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் கல்யாணத்தை ஒரு கிழவர் தடுத்து நிறுத்தி, "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடிய கதை எங்கள் ஊர்ச் சபையில்தான் நடக்கிறது. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுவார். கிழவர் அசரமாட்டார். கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்பார். வழக்கு மூல ஓலையில்தான் தீரும்.

படத்துக்கும் அதே நியாயம். முப்பது நாற்பது படங்களைக் கணினியில் அடுக்கி, வண்ணம் கூட்டி, கூர்மை ஏற்றிய படம் படி ஓலை. அதை வைத்துக்கொண்டு தவறு தேடினால் வழக்கு முடியாது. கேமராவிலிருந்து வந்த தனிப் படத்தை, எதுவும் செய்யாமல், முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மையத்தையும் நான்கு மூலைகளையும் பாருங்கள்.

ஃபோகஸ்: மலிவான பகுதி

லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். பல லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும். ஆட்டோ ஃபோகஸையும், ஆட்டம் தடுக்கும் வசதியையும் அணைத்துவிட்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கி, மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். பிறகு ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இரவில் குளிரக் குளிர உலோகம் சுருங்கும், ஃபோகஸ் நகரும். மணிக்கொரு முறை சரி பாருங்கள்.

பாடினோவ் மாஸ்க் என்று ஒன்று உண்டு. கறுப்பு அட்டையில் மூன்று திசைகளில் கோடு கோடாக வெட்டி லென்ஸ் முன்னால் மாட்டுவது. நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகள் கிளம்பும். நடுக்கோடு சரியாக மையத்துக்கு வந்தால் ஃபோகஸ் விழுந்துவிட்டது. அட்டை, பிளேடு, ஒரு மாலை நேரம், செலவு அவ்வளவுதான்.

மார்கழி, தையில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நள்ளிரவில் படம் மெல்ல மெல்ல மங்கினால் ஃபோகஸைத் தொடாதீர்கள். டார்ச் அடித்து லென்ஸைப் பாருங்கள். பனி படிந்திருக்கும். சார்ட் பேப்பரைச் சுருட்டி லென்ஸ் முன்னால் நீளமான குழாய் போட்டாலே பாதித் தொல்லை குறையும்.

ஃபோகஸால் தீராத மங்கலும் உண்டு என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஹப்பிள். 1990 ஏப்ரலில் ஏவினார்கள். 2.4 மீட்டர் கண்ணாடி, ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது. எந்த ஃபோகஸிலும் படம் தெளியவில்லை. காரணம், கண்ணாடியைச் சோதித்த கருவியிலேயே ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. வேறு சோதனைக் கருவிகள் தவறைக் காட்டின, ஆனால் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த்தான் சரி செய்தார்கள். நம் மொழியில் சொன்னால் ஆடிட் கோட்டை விட்டது. இரண்டு வவுச்சர் ஒத்துப்போகவில்லை என்றால் பிடிக்காத வவுச்சரை ஒதுக்கக் கூடாது!

மவுன்ட்: காசு போக வேண்டிய இடம்

பூமி விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் சுற்றுகிறது. மவுன்ட் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். அதன் அச்சு வான துருவத்திலிருந்து 1 டிகிரி விலகியிருந்தால் ஒரு நிமிடத்தில் நட்சத்திரம் 16 ஆர்க் செகண்ட் வரை நகரலாம். வியாழன் கோள் தெரியும் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இதை எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாலும் சரி செய்ய முடியாது. சொல்லப் போனால் நல்ல லென்ஸ் அதை இன்னும் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும்.

எடை அடுத்தது. ஸ்டாண்டு 10 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால், படம் எடுக்க அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது அனுபவசாலிகள் கணக்கு. காலை முழுவதும் நீட்டாதீர்கள். மொட்டை மாடியைவிடத் தரை மேல். மாடியில் ஒருவர் நடந்தாலே படத்தில் தெரியும். எடையைச் சமப்படுத்தும்போது கிழக்குப் பக்கம் துளி கூடுதலாக வையுங்கள், பற்சக்கரங்கள் ஆட்டமில்லாமல் ஒட்டியே இருக்கும்.

நட்சத்திரம் கிழக்கு மேற்காகப் போய்ப் போய் வந்தால் அது பற்சக்கரத்தின் குணம். 144 பல் உள்ள சக்கரம் என்றால் அதைச் சுற்றும் வார்ம் ஒரு சுற்று வர 10 நிமிடம். அதில் உள்ள மேடுபள்ளம் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். தாளம் தப்பாமல் வரும் தவறு கியர், தாளமில்லாமல் வருவது காற்று அல்லது தளர்ந்த திருகு.

12 டிகிரியில் வாழ்கிறோம்

இப்போது முக்கியமான விஷயம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது நம் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் 51 டிகிரி. திருவெண்ணெய்நல்லூரில் சுமார் 12. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. ஆக லண்டன்காரனுக்கு ஐந்து முஷ்டி, நமக்கு ஒரு முஷ்டிக்குச் சற்று மேல். நடுவில் தென்னந்தோப்பு, புழுதி, பக்கத்து ஊர் எல்.இ.டி. வெளிச்சம். "துருவ நட்சத்திரத்தைத் துளையில் வைக்கவும்" என்ற ஒரு வரியோடு வழிகாட்டி முடிந்துவிடும். நம் ஆள் வடக்கே தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இன்னொன்றும் உண்டு. 12 டிகிரியில் மவுன்டின் அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும். எதிர் எடைக் கம்பி கீழே வரும்போது வடக்குக் காலில் முட்டும். சில மாடல்கள் அவ்வளவு தாழவே தாழாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "12 டிகிரிக்கு இறங்குமா?" கால் முட்டினால், முடிகிற ஸ்டாண்டில் இரண்டு கால்களுக்கு நடுவில் வடக்கு வருமாறு திருப்பி வையுங்கள்.

இது சின்னவர்கள் கவலை மட்டுமில்லை. எங்களுக்கு வடமேற்கே ஜவ்வாது மலையில், காவலூரில், 12½ டிகிரியில் 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் இருக்கிறது. உள்நாட்டிலேயே உருவாக்கி, 1986-இல் பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அதன் மவுன்ட் குதிரை லாட வடிவச் சட்டம் கொண்டது. தாழ்ந்த அட்சரேகைக்கு ஏற்றபடி அமைத்தார்கள். படுத்த அச்சை ஒரு முனையில் பிடிப்பதைவிட, மாட்டு வண்டி அச்சு மாதிரி இரு முனையிலும் தாங்குவது உறுதி. அவ்வளவு பெரிய கருவியையே ஊருக்கு ஏற்ற மாதிரிதான் நிறுத்தினார்கள். நாம் மட்டும் ஏன் லண்டன் வழிகாட்டியை அப்படியே நம்ப வேண்டும்?

துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால் என்ன செய்வது? திசைகாட்டியில் வடக்கு (நம் பக்கம் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 2 டிகிரிக்குள்தான் வித்தியாசம்), ஃபோனில் 12 டிகிரி சாய்வு, இது தொடக்கம். பிறகு தெற்கே உச்சியில் வரும் நட்சத்திரம் ஒன்றைப் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கில் தாழ்வாக ஒரு நட்சத்திரம். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. நழுவல் நிற்கும் வரை திருத்துங்கள். அரை மணி நேர வேலை, தென்னை மரம் தடையில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் இல்லாமலே சரி செய்யும் மென்பொருளும் உண்டு.

"தானே ஃபோகஸ் செய்து தானே பின்தொடரும் ஸ்மார்ட் டெலஸ்கோப் வந்துவிட்டதே?" என்று கேட்பீர்கள். வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அதையும் ஆடாத தரையில்தான் வைக்க வேண்டும், அதன் கண்ணாடியிலும் பனி படியும். தவறைக் கண்டுபிடிக்கத் தெரியாதவன் கையில் அதுவும் ஒருநாள் பரணுக்குப் போகும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் மன்றத்துக்கு ஒரே ஒரு டெலஸ்கோப் வாங்க நிதி வந்தால், சின்ன டெலஸ்கோப்பும் கனமான ஸ்டாண்டும் வாங்குங்கள். பெரிய குழாய் புகைப்படத்துக்கு போஸ் கொடுக்க நன்றாக இருக்கும், வானத்தைப் படம் எடுக்க உதவாது. வாங்கியதைப் பீரோவில் பூட்டாமல் இருந்தால் இன்னும் புண்ணியம்.

காசே இல்லையா? இருக்கும் கேமராவைச் சாதாரண ஸ்டாண்டில் வையுங்கள். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுங்கள். 50 மி.மீ. என்றால் 10 விநாடி, சிறிய சென்சார் என்றால் 6. அத்தனை விநாடிக்குள் பல படம் எடுத்து அடுக்குங்கள். மவுன்டே தேவையில்லை.

கடைசியாக ஒரு லாபக் கணக்கு. துருவ நட்சத்திரம் தாழ்ந்ததால் நமக்கு நஷ்டம் என்று நினைக்காதீர்கள். வடக்கு தாழ்ந்த அளவுக்குத் தெற்கு உயர்ந்திருக்கிறது. அகத்திய நட்சத்திரம் நம் தெற்கில் 25 டிகிரி ஏறுகிறது. ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து 30 டிகிரி. தென்சிலுவையும் தெரியும். அந்த வழிகாட்டியை எழுதிய லண்டன்காரருக்கு இவற்றில் ஒன்றுகூட வீட்டிலிருந்து தெரியாது.

பி.கு.: இன்று இரவு வடக்கே ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர்ப் பெயரோடு எனக்குச் சொல்லுங்கள். 12 டிகிரிக்காரர்களுக்கென்று நாமே ஒரு வழிகாட்டி எழுதிவிடலாம்.